இரண்டே சீட்டுகள், மறுபடி ஏன் ஒரு பார்வை?

கேள்வி: போக்கர் ஆட்டத்தில் ஒருவருக்குக் கிடைப்பவை இரண்டே சீட்டுகள். அவற்றைப் பார்த்துக் கவிழ்த்து வைத்தவர், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே முனையை லேசாகத் தூக்கி மறுபடியும் பார்க்கிறார். இரண்டு சீட்டுகள் கூடவா நினைவில் நிற்காது? அல்லது எதிராளியைக் குழப்பும் நடிப்பா?

பதில்: நடிப்பும் உண்டு, ஆனால் பெரும்பாலும் உண்மையான மறதிதான். நீங்கள் குறிப்பிடுவது டெக்சாஸ் ஹோல்டெம் என்ற வகை. ரம்மியில் சீட்டுகள் விசிறிபோல் விரிந்து எப்போதும் கண்முன்னே இருக்கும். இங்கோ அவை மேசைமேல் கவிழ்ந்தே கிடக்கின்றன. ஒரு நொடி பார்த்ததை வைத்துக்கொண்டுதான் மீதி ஆட்டம் முழுவதையும் ஆட வேண்டும்.

அந்த ஒரு நொடியில் மனம் எல்லாவற்றையும் பதித்துக்கொள்வதில்லை, தேவையானதை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. 'ஏஸும் ராஜாவும், சின்னம் வெவ்வேறு' என்ற அளவில் பதிந்துவிட்டால், முதல் பந்தயத்தைக் கட்டுவதா விடுவதா என்று முடிவெடுக்க அதுவே போதும். ஏஸ் இஸ்பேடா டைமனா என்பது அந்த முடிவை மாற்றாது. 52 சீட்டுகளிலிருந்து இரண்டை எடுக்க 1,326 வழிகள் இருந்தாலும், ஆட்டக்காரர்கள் அவற்றை 169 வகைகளாகச் சுருக்கித்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சுருக்கத்தில் முதலில் உதிர்ந்துபோவது சின்னத்தின் பெயர்தான்.

உதிர்ந்தது எப்போது தேவைப்படுகிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. மேசை நடுவில் 'ஃப்ளாப்' என்று மூன்று பொதுச் சீட்டுகளை, அதாவது எல்லோரும் தங்கள் கைச்சீட்டுகளோடு சேர்த்துக்கொள்ளக்கூடியவற்றை, திறக்கிறார்கள். அந்த மூன்றும் ஒரே சின்னமாக, ஆர்ட்டின் என்றே வைத்துக்கொள்வோம், வந்து விழுவது ஏறத்தாழ நூற்றில் ஐந்து முறைதான். அப்படி விழுந்ததும் 'ஏஸும் ராஜாவும்' என்ற நினைவு போதாமல் போகிறது. வெவ்வேறு சின்னத்தில் ஏஸும் ராஜாவும் அமைய 12 வழிகள் உண்டு. அவற்றுள் சரியாக 6 வழிகளில் ஓர் ஆர்ட்டின் இருக்கும். பாதிக்குப் பாதி என்ற நிலையில் ஊகித்து ஆடுவது மடத்தனம் என்பதால், கை தானாகவே சீட்டின் முனைக்குப் போகிறது. ஓர் ஆர்ட்டின் இருந்துவிட்டால், இன்னும் வரவேண்டிய இரண்டு பொதுச் சீட்டுகளில் ஒன்றாவது ஆர்ட்டினாகி, ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டுகள் சேரும் 'ஃப்ளஷ்' அமைய ஏறத்தாழ 35 சதவீத வாய்ப்பு உண்டு. பார்க்காமல் விடுவதற்கு அது சிறிய விஷயமல்ல.

இதே காரணத்தால் அந்தப் பார்வை எதிராளிக்கும் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறது. கையில் வந்த இரண்டும் ஒரே சின்னமாக இருந்திருந்தால், அந்தப் பொருத்தமே மனத்தில் பதிந்திருக்கும். அவர் மறுபடி பார்க்க வேண்டியிருக்காது. ஆகவே மூன்று ஆர்ட்டின் விழுந்தவுடன் சீட்டைத் தூக்கிப் பார்ப்பவரிடம் ஃப்ளஷ் இன்னும் அமையவில்லை, அதிகம் போனால் ஓர் ஆர்ட்டின் இருக்கலாம் என்று எதிரில் இருப்பவர் கணிக்கிறார். புதியவர்களிடம் இந்தக் கணிப்பு பெரும்பாலும் பலிக்கும். பழகியவர்களிடம் இதை நம்பிப் பணம் கட்ட மாட்டேன், ஏனென்றால் ஃப்ளஷைக் கையில் வைத்துக்கொண்டே தெரியாதவர்போல் எட்டிப்பார்ப்பது அவர்களுக்கு அரிச்சுவடி. நீங்கள் கேட்ட நடிப்பு இதுதான். (நடிப்பவர் சற்று அதிக நேரம் பார்ப்பார் என்பது என் எண்ணம், உண்மையில் மறந்தவருக்கு ஒரு கண்சிமிட்டு போதும்.)

வேறு காரணங்களும் உண்டு. கடைசிச் சீட்டு திறந்த பிறகு பெரும் பந்தயத்தை ஏற்குமுன் சிலர் பார்ப்பது, எட்டும் ஏழுமா, ஏழும் ஆறுமா என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான். சிறிய எண்கள் ஒன்றோடொன்று எளிதில் குழம்பும், அதிலும் இதற்கு முந்தைய ஆட்டத்தின் சீட்டுகள் இன்னும் நினைவில் ஒட்டிக்கொண்டிருந்தால். வேறு சிலருக்கு அது யோசிக்க நேரம் வாங்கும் வழி, அல்லது வெறும் பதற்றம்.

கேள்வி: அப்படியானால் மறுபடி பார்க்காமல் இருக்கப் பழகுவது எப்படி?

பதில்: முதலில் பார்க்கும்போதே 'இஸ்பேடு ஏஸ், டைமன் ராஜா' என்று முழுப் பெயரோடு மனத்துக்குள் சொல்லிக்கொள்வது பலருக்குக் கைகொடுக்கிறது. அது முடியாதவர்கள், சின்னம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஃப்ளாப் விழுந்ததும் ஒவ்வொரு முறையும் பார்த்துவிடலாம். எப்போதும் பார்ப்பவரின் பார்வையிலிருந்து எதிராளி எதையும் படிக்க முடியாது. ஆளுக்கு நான்கு சீட்டுகள் தரும் ஒமாஹா வகையில், அவற்றுள் சரியாக இரண்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொள்வதால், எல்லோருமே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.