பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் இன்றே காட்டுங்கள்

வணக்கம். நேற்று மாலை உங்கள் அப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணி, வலக்கையிலிருந்த காபி டம்ளர் நழுவி, பேச்சும் குழறி, பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டதால் அவர் மருத்துவமனைக்கு வர மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றே அழைத்துச் செல்லுங்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயை ஓர் உறைகட்டி சிறிது நேரம் அடைத்துவிட்டுக் கரைந்துபோவதால் வரும் தற்காலிகப் பக்கவாதமாகவே இது தோன்றுகிறது. இதையடுத்து முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து முதல் இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். கை இப்போது நன்றாக வேலை செய்வதை அவர் அத்தாட்சியாகக் காட்டுவார். அதைக் கேட்டுத் தயங்கிவிடாதீர்கள்.

ஸ்கேன் வசதியும் நரம்பியல் மருத்துவரும் உள்ள இடமாகப் பாருங்கள். மூளையையும் கழுத்து இரத்தக்குழாய்களையும் பார்ப்பதோடு, இதயத் துடிப்பு சீராக உள்ளதா என்றறிய ஈ.சி.ஜி.யும் எடுப்பார்கள். சர்க்கரை மிகவும் குறைந்தாலும் இதே அறிகுறிகள் வரக்கூடும் என்பதால் அதையும் சோதிப்பார்கள். மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்று உறுதியாகும்வரை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரையை அப்பா தாமாகவே நிறுத்தியதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அறிகுறி மீண்டும் தெரிந்தால், அது தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.