எண்ணிக்கொண்டிருப்பவர்கள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ரத்தப் புற்றுநோய் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது நான்காம் ஆண்டு. நாள் முழுவதும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, சாயமேற்றிய அணுக்களைப் பார்த்து எண்ணிக்கொண்டிருப்பதே என் வேலை. எப்போது மருந்து கண்டுபிடிப்பாய் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். கட்டுரைகளில் என் பெயரை நெறியாளர் நடுவில் எங்கோ போடுகிறார். என்னால் ஒரு நோயாளிக்கும் பயனில்லை என்று தோன்றுகிறது. ஆய்வை விட்டுவிடலாமா? தமிழில் அறிவியல் எழுதப் பழக என்ன படிக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது ரத்தப் புற்றுநோய் அணுக்களை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் ஜேனட் ரவுலியைப் பற்றித்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன். இல்லையென்றால் பதில் எழுதியிருக்க மாட்டேன். உறவினர்களின் கேள்வியை விடுங்கள், எழுதுகிறவனிடமும் அவர்கள் வேறெதையும் கேட்பதில்லை. உங்கள் பெயர் எங்கே வருகிறது என்பதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘எண்ணிக்கொண்டிருப்பதே என் வேலை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் இருக்கும் இளக்காரத்தை என்னால் கடந்துபோக முடியவில்லை. நான்கு ஆண்டுகள் செய்த வேலையை இப்படி ஏளனம் செய்ய உங்களுக்கு யார் கற்றுத்தந்தார்கள்?

1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்போர்டு என்ற இரு ஆய்வாளர்கள், நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் வெள்ளையணுக்களில், மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களில் ஒன்று வழக்கத்தைவிடச் சிறுத்திருப்பதைக் கண்டார்கள். முன்பொரு முறை நோவல் ஸ்லைடுகளைக் குழாய்த் தண்ணீரில் அலசியதால் அணுக்கள் உப்பி, குரோமோசோம்கள் விலகிப் பரவித் தெரிந்தன என்பது அத்துறையினர் இன்றும் சொல்லி மகிழும் கதை. சிறுத்த குரோமோசோமின் ஒரு துண்டு தொலைந்துவிட்டதாகவே பின்னர் பரவலாகக் கருதப்பட்டது. சிகாகோவில் நான்கு மகன்களை வளர்த்தபடி பல ஆண்டுகள் பகுதிநேரமாகவே வேலை பார்த்த மருத்துவரான ரவுலி, குரோமோசோம்களில் பட்டைகளைக் காட்டும் புதிய சாய முறையைக் கற்றுவந்து, புகைப்படங்களை வீட்டுக்கு எடுத்துச்சென்று, சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொரு குரோமோசோமாகக் கத்தரித்து ஜோடி சேர்த்தார். சிறுத்துப்போன அந்த 22ஆம் குரோமோசோமில் குறைந்திருந்த துண்டு தொலையவில்லை, 9ஆம் குரோமோசோமின் முனையில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று அவர் எழுதியது 1973இல்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் அந்தக் கணத்தை மட்டும் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கணத்தின் மேல் பெரிய மோகமில்லை. பட்டையோடு பட்டையை ஒப்பிட்டு, ஒன்றும் தென்படாமல் மேசையிலிருந்து வாரி எடுக்கப்பட்ட தாள்களின் மேல்தான் எனக்கு மரியாதை. அந்த மேசையருகே போய், ‘அம்மா, இதனால் எந்த நோயாளிக்குப் பயன்?’ என்று கேட்டிருந்தால் அவரால் ஒருவரைக்கூடச் சுட்டிக்காட்டியிருக்க முடியாது. இடம் மாறிய துண்டுகளால் இரண்டு மரபணுக்கள் இணைந்துவிடுகின்றன என்பதும், அந்த இணைப்பிலிருந்து பிறக்கும் புரதம் அணைக்க முடியாத விளக்கைப் போல அணுவைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது என்பதும் எண்பதுகளில்தான் தெளிவாயின. அந்தப் புரதத்தை அடக்கும் இமாட்டினிப் மருந்து 1998இல் நோயாளிகளிடம் சோதனைக்கு வந்து, 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அந்த முதல் சோதனையில் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேரின் ரத்த அணுக்கள் இயல்பு நிலைக்குத் திரும்பின. சிறுத்த குரோமோசோமைக் கண்டதிலிருந்து கணக்கிட்டால் 41 ஆண்டுகள். நீங்களோ நான்காம் ஆண்டிலேயே கணக்குக் கேட்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் ஒருநாள் இதே அவசரத்தோடு நின்றிருக்கிறேன். 2004இல் என் நண்பனின் ரத்தப் பரிசோதனை முடிவுக்காக ஆய்வகத்தின் வாசலில் காத்திருந்தேன். வெள்ளையணுக்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன என்று இயந்திரம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அதன் பிறகும் உள்ளே ஒரு முதியவர் ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். நூறு முடிந்ததும் இன்னொரு ஸ்லைடை எடுத்தார். இயந்திரம்தான் எண்ணிவிட்டதே என்று கத்தினேன். அவர் பதில் பேசாமல் நாற்காலியை விட்டு எழுந்து என்னைப் பார்க்கச் சொன்னார். ஊதா நிறப் புள்ளிகள் வட்டம் முழுவதும் நெருக்கியடித்துக் கிடந்தன. அவற்றில் எவை முதிர்ந்தவை, எவை மஜ்ஜையை விட்டு வெளியே வந்திருக்கவே கூடாத இளம் அணுக்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மீண்டும் எண்ணத் தொடங்கினார்.

நண்பனுக்கு வந்திருந்தது ரவுலி பார்த்த அதே நோய். இன்றும் தினமும் மாத்திரை போட்டுக்கொள்கிறான், என்னோடு எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்கிறான். சென்ற வாரம் அந்தச் சாப்பாட்டு மேசையைப் பற்றி அவனிடம் விரிவாகச் சொன்னேன். பாதியிலேயே எழுந்து, இன்றைய மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று அட்டையைத் தேடப் போய்விட்டான்.

படிக்க வேண்டிய நூல்களைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.