குழாய் மாதிரிக்குப் புது வரைபடம்: பினாங்கிலிருந்து பதில்கள்

பட்டர்வொர்த்: அண்ணே, குடிநீர்க் குழாய்களின் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும் இபாநெட் மென்பொருளில் பின்னணிப் படத்தைப் பெரிதாக்கினால் மங்குகிறது. இணைய வரைபடத்துக்கு மாறலாமா?

தாராளமாக மாறுங்கள். நீங்கள் வைத்திருப்பது ஒரே ஒரு பிட்மேப் படம். பெரிதாக்கினால் புள்ளிகள்தான் பெரிதாகும். இணைய வரைபடத்தின் வெக்டர் டைல், அதாவது படமாக இல்லாமல் கோடுகளின் தரவாக வரும் வரைபடத் துண்டு, அப்படியில்லை. ஒவ்வொரு அளவுக்கும் கோடுகளையும் தெருப் பெயர்களையும் புதிதாக வரையும். வரையும் வேலையைக் கிராபிக்ஸ் சிப் பார்த்துக்கொள்வதால், பல்லாயிரம் குழாய்களை அழுத்தத்துக்கேற்ற நிறத்தில் காட்டினாலும் திரை திணறாது. மேப்பாக்ஸ் நிறுவனம் தன் வரைபட நிரலின் உரிமத்தை 2020 டிசம்பரில் மாற்றியபோது அதிலிருந்து கிளைத்த மேப்லிப்ரே என்ற நிரல் போதும்; இலவசம், மூலநிரலும் திறந்தது.

ஆனால் முதலில் இபாநெட்டின் ஆட்டோ லெங்த்தை, அதாவது வரைபடத்தை வைத்துக் குழாய் நீளத்தைத் தானே கணக்கிடும் வசதியை, அணையுங்கள். அது இயங்கும்போது குழாய்கள் சேரும் ஒரு முனையை நகர்த்தினால் குழாயின் நீளம் மாறும், கூடவே அழுத்த இழப்பும் மாறும்.

பாயான் லெப்பாஸ்: புது வரைபடத்தில் என் குழாய்கள் கடலில் நிற்கின்றன!

மலேசியாவின் பழைய ஆய முறையான கெர்தாவ் ஆர்எஸ்ஓவில் (குறியீட்டு எண் 3168) உள்ள ஆயங்களை, புதிய முறையான ஜிடிஎம்2000 (3375) என்று கொடுத்திருப்பீர்கள். நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். சரியான எண்ணைக் கொடுத்து மாற்றுங்கள், கையால் இழுக்காதீர்கள். ஆட்டோ லெங்த்தையும் பாருங்கள்.

கிள்ளான்: செயற்கைக்கோள் படத்திலிருந்து உயரம் கிடைக்குமா?

கிடைக்காது. அளவைக்காரரிடம் கேளுங்கள். முனையின் உயரம் 1 மீட்டர் தவறினால், நீர் உயரத்தில் சொல்லும் அழுத்தமும் 1 மீட்டர் தவறும்.

ஆயர் ஈத்தாம்: ஆட்டோ லெங்த்தை ஏன் இப்படி எதிர்க்கிறீர்கள்? பழைய ஆவணத்தைவிட வரைபடத்தில் அளந்த நீளமே சரி.

இதை நான் ஒப்பமாட்டேன், ஐயா. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் 3857 என்ற எண்ணுள்ள ஆய முறையில் அப்படியே அளந்தால், பினாங்கில் 1,000 மீட்டர் குழாய் திசையைப் பொறுத்து 4 முதல் 11 மீட்டர் வரை கூடும். லண்டனில் 1,600ஐத் தாண்டிவிடும். அப்புறம், உங்கள் பக்கம் குழாய் மலையேறுகிறது; மேலிருந்து பார்க்கும் வரைபடத்துக்கு அந்தச் சரிவு தெரியாது. இன்னொன்று, குழாயின் உள்சுவர் உரசலைக் குறிக்கும் எண்ணான உரசல் கெழுவைப் பழைய நீளத்தை வைத்துத்தான் களத்து அழுத்தத்தோடு பொருத்தியிருப்பார்கள். நீளத்தை மட்டும் மாற்றினால் அந்த உழைப்பு முழுக்க வீண்.

பிரிக்பீல்ட்ஸ்: அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எங்கள் ஆவணத்தில் 40 மீட்டர் குழாய் 400 என்று இருந்தது.

உண்மைதான், அதை வரைபடம்தான் காட்டிக்கொடுக்கும். இரண்டு நீளங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் உள்ள குழாய்களுக்குக் கட்டி முடித்த பின் வரைந்த வரைபடத்தைத் தேடியெடுத்து, ஒவ்வொன்றாகக் கையால் திருத்துங்கள். இதற்கு நான் எதிரியில்லை. எல்லாக் குழாயையும் கேட்காமல் மாற்றும் பொத்தானுக்குத்தான் எதிரி.

செராஸ்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டைல்களை மொத்தமாக இறக்கி வைக்கலாமா?

அவர்கள் சர்வரிலிருந்து கூடாது, விதி தடுக்கிறது. வரைபடத் தரவை இறக்கி நீங்களே டைல் உருவாக்குங்கள்.

ஜெலுத்தோங்: படம் மாற்றினால் அழுத்தம் மாறுமா?

மாறாது. மேலே படியுங்கள்.

செபராங் ஜெயா: மாற்றினேன், அழுத்தம் மாறிவிட்டதே?

முனைகளை இழுத்தீர்களா? ஆட்டோ லெங்த் இயங்கியதா? பழைய கோப்பைத் திறந்து நீளங்களை ஒப்பிட்டுவிட்டு வாருங்கள்.