மெனுவில் 100, பில்லில் 121!

கேள்வி: கல்யாண நாளுக்கு ஒரு உயர்தர ரெஸ்டாரன்ட்டுக்குப் போக ஆசை. டின்னர் விலையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மதியம் போங்கள். அதே கிச்சன், அதே கைப்பக்குவம். வார நாள் மதியங்களில் மேஜைகள் காலியாகக் கிடக்கும். வாடகையும் சம்பளமும் எப்படியும் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் பல இடங்களில் இரண்டு, மூன்று கோர்ஸ் (ஸ்டார்ட்டர், மெயின், இனிப்பு என்று வரிசையாக வரும் சுற்றுகள்) அடங்கிய செட் மெனுவை மதியத்துக்கு மட்டும் குறைந்த விலையில் வைக்கிறார்கள். மேஜை பதிவு செய்யும்போதே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். நீங்கள் போகும் நாளில் அந்த மெனு உண்டா? (சனி, ஞாயிறிலும் விசேஷ நாட்களிலும் பெரும்பாலும் இருக்காது.) மேஜையில் இருக்கும் எல்லோரும் அதையே எடுக்க வேண்டுமா? வராமல்போனால் முன்பணம் போய்விடுமா? செட் மெனுவிலும் சில ஐட்டங்களுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘சப்ளிமென்ட்’ என்று ஒரு தொகை இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தொகை தனி.

கேள்வி: கணக்குப் பார்த்துத்தான் ஆர்டர் செய்தோம். பில் மட்டும் இரட்டிப்பாக வந்தது. எங்கே கோட்டைவிட்டோம்?

பதில்: பெரும்பாலும் கிளாஸில்தான். உட்கார்ந்ததும் “ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?” என்று கேட்பார்கள். ஸ்பார்க்ளிங் என்பது கேஸ் ஏற்றியது, ஸ்டில் ஏற்றாதது. இரண்டுமே காசு கொடுத்து வாங்கும் பாட்டில் தண்ணீர். “சாதாரண தண்ணீர் போதும்” என்று சொல்லலாம், அதில் கூச்சம் எதற்கு? வைன் குடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். ஆனால், நாலு கிளாஸ் விலையிலேயே பாட்டில் விலை வந்துவிடும்படி கிளாஸ் விலையை வைப்பது வழக்கம். இரண்டு பேர் சேர்ந்து மூன்று கிளாஸோடு நிறுத்துவதானால் கிளாஸாகவே வாங்குங்கள். நாலைத் தாண்டுமென்றால் பாட்டில்தான் லாபம்.

அடுத்த பள்ளம், எடைக்கு விற்கும் ஐட்டம். முழு மீனுக்கும் பெரிய ஸ்டேக்குக்கும் போட்டிருக்கும் விலை பல இடங்களில் 100 கிராமுக்கானது. 900 கிராம் மீன் வந்தால் ஒன்பது மடங்கு. “எத்தனை கிராம், மொத்தம் எவ்வளவு?” என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள். மெனுவில் இல்லாமல் வாயால் சொல்லும் ‘இன்றைய ஸ்பெஷல்’ விஷயத்திலும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

கேள்வி: விலைக்குப் பக்கத்தில் ++ என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

பதில்: சர்வீஸ் சார்ஜும் வரியும் தனி என்று அர்த்தம். உதாரணமாக சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், அதையும் சேர்த்த தொகைக்கு வரி 10 சதவீதம் என்றால், 100 என்று அச்சிட்டது முதலில் 110 ஆகி, பிறகு 121-ல் வந்து நிற்கும். பட்ஜெட் போடும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பில்லில் சர்வீஸ் சார்ஜ் ஏறியிருக்க, கார்டு மெஷின் மறுபடியும் டிப்ஸ் கேட்கலாம். பில்லைப் படித்த பிறகு பட்டனை அழுத்துங்கள்.

கேள்வி: ஒரு மெயின் கோர்ஸை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் கௌரவக் குறைச்சலா?

பதில்: இல்லவே இல்லை. ஆனால், சில இடங்களில் கூடுதல் தட்டுக்குக் கட்டணம் உண்டு, முதலில் விசாரியுங்கள். அதைவிட, ஆளுக்கொரு ஸ்டார்ட்டர், நடுவில் ஒரே மெயின் என்று எடுத்தால் வயிறும் நிறையும், செஃப்பின் கைவரிசையையும் ருசித்துவிடலாம். செஃப் தேர்ந்தெடுத்த பல ஐட்டங்களைச் சிறு சிறு அளவில் வரிசையாகப் பரிமாறும் டேஸ்டிங் மெனுவில் மட்டும் இந்த யோசனை எடுபடாது. அங்கே தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு.