ஜூடோவும் அரசியலும் என்கிற மகளுக்கு என்ன பதில் சொல்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். சென்ற வாரம் நீங்களும் உங்கள் மகளும் வந்து சென்றபோது முழுமையாகச் சொல்ல முடியாமல் போனதை எழுத்தில் தருகிறேன். அன்று அவள் சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, விரல்களில் சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெருடியபடியே, “ரியோகோ தானி மாதிரி முதலில் ஒலிம்பிக், அப்புறம் நாடாளுமன்றம். நடுவில் காலேஜுக்கு நேரம் எங்கே சார்?” என்று கேட்டாள். நீங்களோ, “இவள் கல்லூரியில் சேருவாளா மாட்டாளா, அதை மட்டும் சொல்லுங்கள்” என்றீர்கள். சேர வேண்டும் என்பதுதான் என் பதில். அதற்கான காரணத்தை அவள் பெயர் சொன்ன அதே ஜூடோ வீராங்கனையின் வாழ்க்கையிலிருந்து காட்டினால் அவள் காதுகொடுத்துக் கேட்பாள் என்று நம்புகிறேன்.

ஜப்பானின் ஃபுகுவோகாவில் 1975-இல் பிறந்த ரியோகோ தானியின் உயரம் 146 சென்டிமீட்டர்தான். திருமணத்துக்கு முன் தமுரா என்ற குடும்பப் பெயரோடு 48 கிலோ பிரிவில் ஆடியவர், 1992-இல் பார்சலோனாவில் 16 வயதிலேயே ஒலிம்பிக் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டே உலகச் சாம்பியன் ஆனார். 1996-இல் அட்லாண்டாவுக்குச் சென்றபோது தங்கம் அவருக்குத்தான் என்று ஜப்பானே நம்பியிருந்தது. ஆனால் இறுதிச் சுற்றில் வட கொரியாவின் கே சுன் ஹுய் என்ற 16 வயதுப் பெண்ணிடம் தோற்று, மீண்டும் வெள்ளியோடு திரும்பினார். 2000-இல் சிட்னிக்குப் புறப்படும் முன் “அதிகபட்சம் தங்கம், குறைந்தபட்சமும் தங்கம்” என்று அவர் சொன்ன சொல் ஜப்பானில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அங்கே இறுதிப் போட்டியை ஒரு நிமிடத்துக்குள், எதிராளியின் தொடைகளுக்கிடையே காலைச் செலுத்தித் தூக்கி எறியும் ‘உச்சிமாத்தா’ வீச்சில், ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடும் முழுப் புள்ளியான ‘இப்போன்’ பெற்று முடித்தார்.

முதல் ஒலிம்பிக் இறுதிப் போட்டிக்கும் முதல் ஒலிம்பிக் தங்கத்துக்கும் நடுவே எட்டு ஆண்டுகள் இருக்கின்றன என்பதை உங்கள் மகள் கவனிக்க வேண்டும். அந்த எட்டு ஆண்டுகளில் அவர் பயிற்சி மட்டும் செய்துகொண்டிருக்கவில்லை. தெய்க்யோ பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். 1998-இல் டொயோட்டா நிறுவனத்தில் ஊழியராகச் சேர்ந்தார். ஜப்பானில் பெரிய நிறுவனங்கள் விளையாட்டு வீரர்களை ஊழியர்களாக எடுத்துக்கொண்டு, சம்பளம் கொடுத்து, பயிற்சிக்கு நேரமும் ஒதுக்கித் தருவது நெடுநாள் வழக்கம். நம் நாட்டில் ரயில்வேயும் காவல்துறையும் ராணுவமும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தருவதை இதனோடு ஒப்பிடலாம். அட்லாண்டாவில் தோற்ற பெண் நிதானமாக இன்னும் நான்கு ஆண்டு உழைக்க முடிந்ததற்கு, மாதச் சம்பளமும் கையில் இருந்த பட்டமும் பெரிய காரணங்கள் என்றே நான் கருதுகிறேன். பதக்கப் பட்டியலைப் பார்க்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பின்னர் 2004-இல் ஏதென்ஸில் மறுபடி தங்கம். முதல் குழந்தை பிறந்த பிறகு 2007-இல் ஏழாவது உலகப் பட்டம். 2008-இல் பெய்ஜிங்கில் வெண்கலம். ஐந்து ஒலிம்பிக்கில் ஐந்து பதக்கம்.

இனி அரசியல். நீங்கள் அதிகம் அஞ்சுவதும், உங்கள் மகள் அதிகம் கனவு காண்பதும் இந்தப் பகுதியைத்தான். 2010 மே மாதம் ஜப்பான் ஜனநாயகக் கட்சி, அதன் முக்கியத் தலைவர்களில் ஒருவரான இச்சிரோ ஒசாவாவின் முயற்சியில், தானியை நாடாளுமன்ற மேலவைத் தேர்தலுக்கு வேட்பாளராக அறிவித்தது. மேலவையின் விகிதாச்சாரப் பிரிவில் வாக்காளர் கட்சியின் பெயரையோ, கட்சிப் பட்டியலிலுள்ள ஒருவரின் பெயரையோ எழுதலாம். இரண்டும் கட்சியின் கணக்கில் சேரும். பட்டியலில் யார் முதலில் என்பதை அப்போது தனிப்பட்ட வாக்குகள் தீர்மானித்தன. நாடறிந்த பெயருக்கு இந்த முறையில் தனி மதிப்பு உண்டு. தானிக்கு மூன்றரை லட்சம் பேர் வாக்களித்தார்கள். 34 வயதில் உறுப்பினரானார்.

வேட்பாளராக அறிவிக்கப்பட்ட நாளில், நாடாளுமன்றத்தில் இருந்துகொண்டே 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கத்துக்கு முயல்வேன் என்றும் அவர் சொன்னார். மக்கள் பிரதிநிதியின் வேலையைப் பகுதி நேரமாகச் செய்ய முடியுமா என்ற கேள்வி உடனே எழுந்தது. அது நியாயமான கேள்வி. குழுக் கூட்டங்கள், மசோதா வாசிப்பு, கட்சிப் பணி, வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள் என்று இருக்கும்போது, உலகத் தரத்தில் ஆடுவதற்கான பயிற்சி நாளொன்றுக்குக் கேட்கும் மணிகளை எங்கிருந்து எடுப்பது? அதே ஆண்டு அக்டோபரில் போட்டிகளிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். உலகிலேயே இதைச் செய்யக்கூடியவர் ஒருவர் உண்டென்றால் அவர்தான் என்று எண்ணத் தக்கவரே, சில மாதங்களில் ஒன்றைத் தேர்ந்துகொண்டார். இதை அவருடைய தோல்வியாக நான் பார்க்கவில்லை. இரண்டையும் ஒரே காலத்தில் முழுமையாகச் செய்ய முடியாது என்பதை உங்கள் மகள் அவரிடமிருந்தே கற்கலாம்.

அதன்பின் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2012-இல் நுகர்வு வரியை 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக உயர்த்தும் பிரச்சினையில் ஒசாவா கட்சியைப் பிளந்து வெளியேறியபோது, தானியும் அவருடன் சென்றார். ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்தவர் சிறிய கட்சியொன்றின் உறுப்பினர் ஆனார். 2016-இல் ஆறாண்டுப் பதவிக்காலம் முடிந்தபோது அவர் மீண்டும் போட்டியிடவில்லை. தன்னை அழைத்து வந்த தலைவரின் ஏற்ற இறக்கமே தன் ஏற்ற இறக்கமாகிவிடுவது, புகழின் வழியாக மட்டும் அரசியலுக்கு வருகிறவர்களுக்கு எந்த நாட்டிலும் நேரக்கூடியது. தொகுதியில் பல ஆண்டு வேலை செய்து வந்தவருக்கு அவரை அறிந்த மக்கள் இருப்பார்கள். பதக்கத்தோடு நேரே வந்தவர் அந்த மக்களைப் பதவிக்கு வந்த பிறகே தேட வேண்டியிருக்கிறது.

பிரான்ஸின் டேவிட் துயே வேறு வழியில் சென்றார். அதிக எடைப் பிரிவில் 1996-இலும் 2000-இலும் ஒலிம்பிக் தங்கம் வென்று ஓய்வு பெற்ற அவர், ஒன்பது ஆண்டுகள் கழித்து 2009-இல்தான் இவ்லீன் மாவட்டத்தில் ஓர் இடைத்தேர்தலில் நின்று நாடாளுமன்றத்துக்குச் சென்றார். 2011 செப்டம்பரில் விளையாட்டு அமைச்சர் ஆனார். ஜூடோவை முடித்துவிட்டு வந்ததால் இரண்டு வாழ்க்கையும் ஒன்றோடொன்று மோதவில்லை. உங்கள் மகளுக்கு இந்த வரிசையைத்தான் நான் பரிந்துரைப்பேன். 1882-இல் கொடோகான் என்ற பயிற்சிப் பள்ளியை நிறுவி ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவே பல்லாண்டு கல்வித்துறையில் உழைத்து, 1922-இல் ஜப்பானின் அன்றைய மேலவையான பிரபுக்கள் சபைக்கு உறுப்பினராகச் சென்றவர் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும்.

இப்போது செய்ய வேண்டியது என்னவென்றால், அவள் ஜூடோவை விடக் கூடாது. கல்லூரியையும் விடக் கூடாது. மக்களவைக்கோ சட்டமன்றத்துக்கோ போட்டியிட 25 வயது நிரம்ப வேண்டும், மாநிலங்களவைக்கு 30, ஊராட்சித் தேர்தலுக்கு 21. அவளுக்கு இப்போது 17. அரசியலுக்காக அவள் எதையும் அவசரமாகக் கைவிட வேண்டிய தேவை சட்டப்படியே இல்லை. விளையாட்டு ஒதுக்கீடு உள்ள கல்லூரியாகப் பார்த்து, அரசியல் அறிவியலோ பொது நிர்வாகமோ எடுக்கட்டும். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு இன்னும் நல்லது, ஆனால் அதன் வருகைப்பதிவு விதிகள் கடுமையானவை என்பதால், போட்டிக் காலங்களில் விடுப்புக் கிடைக்குமா என்று சேருமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் தசைநார் கிழிந்தால் ஓர் ஆண்டு தத்தாமியில், அதாவது ஜூடோ ஆடும் பாயில், கால் வைக்க முடியாது. அந்த ஓர் ஆண்டு அவளுக்கு வகுப்பறை இருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். “அரசியல் சாக்கடை, பெண் பிள்ளைக்கு எதற்கு” என்று அவளிடம் சொல்லாதீர்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன; அங்கே படித்த, அஞ்சாத பெண்கள் தேவை. அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு நீங்களே அவளை அழைத்துச் செல்லுங்கள். வரவு செலவு அறிக்கையை வாசிக்கும்போது அவள் உட்கார்ந்து கேட்கிறாளா, எழுந்து கேள்வி கேட்கிறாளா என்று பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் அவளைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் நிறையச் சொல்லும்.

அடுத்த முறை வரும்போது அவளுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும், பயிற்சியாளர் கையெழுத்திட்ட வாராந்தரப் பயிற்சி அட்டவணையையும் எடுத்து வாருங்கள். கல்லூரி நேரத்தை அதில் எங்கே பொருத்துவது என்று மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.