துணி உறை வேண்டாம்

அன்புள்ள ஐயா,
புதுமனை புகுவிழாவுக்கு வாடகைக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் கிடைத்தன. யாரும் யோசிக்காமல் வார்த்துத் தள்ளிய பொருள், மண்ணுக்கும் கேடு. வெள்ளைத் துணி உறை போட்டால் பார்வைக்குச் சகிக்குமா?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது, விரிசல் விட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கம்பி போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன்.

மண்ணுக்குக் கேடு என்பது உண்மை. ஆனால் 'யாரும் யோசிக்காமல்' என்று எழுத எப்படி மனம் வந்தது? அதைக் கவிழ்த்துப் போட்டு ஒருமுறையாவது பார்த்திருக்கிறீர்களா? கால் ஏன் உள்பக்கம் குழிந்திருக்கிறது? சில மில்லிமீட்டர் தடிமன் ஓர் ஆளைத் தாங்குவது அந்த வளைவால்தான். கால்கள் ஏன் கீழே அகல்கின்றன? ஒன்றின்மேல் ஒன்றைச் செருகி அடுக்க. ஆணி இல்லை, திருகு இல்லை, ஒட்டு இல்லை. உருக்கிய பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தினால் முழு நாற்காலியாக வெளியே வருகிறது. பிரான்சில் ஆன்றி மாசோனே 1972இல் கொண்டுவந்த 'ஃபோத்தேய் 300' என்ற இவ்வகை நாற்காலியை வார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பெருஞ்செலவு அச்சுக்குத்தான். அதை லட்சக்கணக்கான நாற்காலிகள் பங்குபோட்டுக்கொள்வதால்தான் விலை இறங்குகிறது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரமும் உங்களைப் போலவே, அழகு கெடும் என்று பொது இடங்களில் இதைத் தடை செய்திருந்தது; 2017இல்தான் நீக்கியது. அதே ஆண்டு, எல்லைக்கு அப்பால் ஜெர்மனியின் வைல் ஆம் ரைன் ஊரில், விட்ரா வடிவமைப்பு அருங்காட்சியகம் இந்த நாற்காலிக்கென்றே கண்காட்சி வைத்தது.

என் அம்மா நடவுக்குப் போனவர். பண்ணை வீட்டு வாசலில் நின்றுதான் கூலி வாங்குவார். அங்கே பிரம்பு பின்னிய நாற்காலிகள் இருந்தன, அழகானவை. ஒன்றில்கூட அவர் உட்கார்ந்ததில்லை. முதல் சம்பளத்தில் இரண்டு சிவப்பு நாற்காலிகள் வாங்கி, பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு போனேன். சொந்த வீட்டில், நான் வாங்கிய நாற்காலியில், அம்மா பல நாள் நுனியில்தான் உட்கார்ந்தார். சாய்ந்துகொள் என்றால், "யாராவது வந்துவிடுவார்களடா" என்பார். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலித் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்த செய்தியைப் படித்தபோது அந்தக் குரல்தான் காதில் விழுந்தது.

கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. உறை போடாதீர்கள். வெயிலில் நடந்து வருகிறவர்களுக்கு முதுகுப்பக்க இடைவெளிகளில்தான் காற்று வரும்.