டாக்டரம்மாவிடம் கேளுங்கள்

கேள்வி: வணக்கம் டாக்டரம்மா. பன்னிரண்டு வருஷமாகச் சொந்தமாகப் பல் கிளினிக் நடத்துகிறேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மலேசியாவின் தேசியப் பல் மருத்துவர் சங்கத்தின் தலைமைப் பொறுப்புக்கு இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நில் என்று நண்பர்கள் நெருக்குகிறார்கள். எதிரே நிற்பவர்கள் தலைநகரில் பெயர் வாங்கிய நிபுணர்கள். தோட்டத்துப் பக்கத்து டாக்டருக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? நிற்கலாமா?
– வாசகி, பாகான் செராய்

பதில்: நில்லம்மா. ஆனால் எதற்காக நிற்கிறாய்? நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் இந்த ஒன்றுதான் இல்லை. உன்னை எதிர்த்து யார், உனக்கு ஆதரவு யார் என்பதெல்லாம் விவரமாக இருக்கிறது. ஜெயித்த மறுநாள் காலையில் என்ன செய்வாய் என்பது இல்லை.

என் காரணத்தைச் சொல்கிறேன். சுங்கை சிப்புட்டில் நான் கிளினிக் திறந்த முதல் வருஷம். நாற்பது வருஷம் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க, போன ஒரு பாட்டி வந்தார். "பல்லு ஆடுது, புடுங்கி விட்டுடு தாயி" என்றார். வாயைத் திறக்கச் சொன்னேன். சாதாரணமாக மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வாய்க்குள் நுழையும். அவருக்கு இரண்டு விரல்கூடப் போகவில்லை. இடது கன்னத்தின் உள்பக்கம் தோல்வார் மாதிரி விறைத்துக் கிடந்தது. நடுவில் சுண்ணாம்பு தெறித்தது போல ஒரு வெள்ளைத் திட்டு. வெத்தலையை எந்தப் பக்கம் அடக்குவீங்க என்று கேட்டேன். அதே கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். காலையில் அடக்கினால் பால் எடுக்கிற வரைக்கும் பசி தெரியாதாம்.

பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க அரசாங்கக் குழு வரும். அந்தப் பாட்டியின் வாயை நாற்பது வருஷத்தில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் அறிவித்தது. இந்த நாட்டில் வாய்ப் புற்றுநோய் நம் இந்தியர்களிடம்தான் அதிகம். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் பெரியவர்களின் வாயைப் பரிசோதிக்க ஒரு ஏற்பாடு வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். உனக்கும் இப்படி ஒரு வாய் ஞாபகத்தில் இருக்கும். அதைச் சொல்லி ஓட்டுக் கேள். கோத்தாபாருவில் இருக்கிற டாக்டருக்கும் தாவாவில் இருக்கிற டாக்டருக்கும் அது புரியும். அவர்களும் தலைநகரில் இல்லாதவர்கள்தானே.

இனி நடைமுறை. சங்கத்தின் சட்ட விதிகளை வாங்கி இரண்டு தடவை படி. முன்மொழிகிறவர், வழிமொழிகிறவர் இருவரும் சந்தா கட்டியிருக்கிறார்களா என்று ரசீதைக் கண்ணால் பார். நான் ஒரு சங்கத்தில் போட்டியிட்டபோது என்னை முன்மொழிந்தவருக்குச் சந்தா பாக்கி. மனு தள்ளுபடி ஆனது. மேடையில் பேச எழுதி வைத்திருந்த தாள் கைப்பையை விட்டு வெளியே வரவில்லை. தப்பு என்னுடையது, நான்தான் கேட்டிருக்க வேண்டும். இன்னமும் அது வலிக்கிறது.

செயலவையில் இதுவரை இருந்ததில்லை என்றால், முதலில் செயலாளர் பொறுப்பையோ வட்டாரக் கிளை வேலையையோ கேட்டு வாங்கு. 1966 சங்கச் சட்டப்படி பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். அதை ஒரு வருஷம் ஒழுங்காகச் செய்தவரை உறுப்பினர்கள் மறக்க மாட்டார்கள்.

செய்ய முடியாததை வாக்குக் கொடுக்காதே. டாக்டர்களைப் பதிவு செய்வதும் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் வேலை. அது வேறு, சங்கம் வேறு. 'எல்லாக் கிளினிக்கும் ஒரே கட்டணம் வாங்க வைப்பேன்' என்று பேசிவிடாதே. சங்கம் கூடி விலை பேசுவதை 2010 போட்டிச் சட்டம் தடுக்கிறது.

ஓட்டுக் கேட்க நேரில் போ. வாட்ஸ்அப்பில் படம் போட்டு அனுப்புவது போதாது. எங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், 1960-இல் தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டம் வாங்குவதற்கான தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டம் தோட்டமாகப் போய்த்தான் பங்கு சேர்த்தார். தொழிலாளியின் வாசலில் நின்று பேசினார்.

கேள்வி: பல் டாக்டர்கள் சங்கத்துக்கு யார் தலைவராக வந்தால் எங்களுக்கு என்னம்மா? பல் வலித்தால் கவர்மெண்ட் கிளினிக் போகிறோம், புடுங்குகிறார்கள், வருகிறோம்.
– ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்), தாப்பா

பதில்: ஐயா, குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்ப்பது இந்த நாட்டில் 1972-இல் கொள்கையானது. 2005-இல் அதன் அளவை லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். முடிவு அரசாங்கத்தினுடையது. ஆனால் இப்படி முடிவெடுக்கும் இடத்தில் டாக்டர்கள் தரப்பில் பேசப் போகிறவர் சங்கத் தலைவர். சொந்தமாக ஆற்றுத் தண்ணீரை ஏற்றிக் குடித்த தோட்டங்களுக்கு அந்த ஃபுளோரைடு வந்து சேரவில்லை என்று அங்கே சொல்ல, லயத்தில் வளர்ந்த ஒருவர் வேண்டும். வந்தால் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு நல்லது ஐயா.

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. ரசம் சாப்பிட்டாலே வாய் எரிகிறது என்கிறார். நாக்கின் ஓரத்தில் ஒரு புண் ஒரு மாதமாக ஆறவில்லை. மருந்துக்கடை ஜெல் தடவுகிறோம்.
– மகள், சுங்கை சிப்புட்

பதில்: ஜெல்லை நிறுத்து மகளே. இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். நாளைக் காலையிலேயே அரசாங்கப் பல் கிளினிக்குக் கூட்டிப்போ. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தால் தள்ளிப்போடாதே, திசு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றால் சம்மதி. நீயும் உள்ளே கூடப் போ. எத்தனை வருஷமாக வெத்தலை பாக்குப் போடுகிறார் என்று டாக்டர் கேட்பார். அம்மா கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்வார். நீ சரியான கணக்கைச் சொல்லு.